மலையகத்தில் தங்கிக் கொடுவா தேடுவோருக்கு: தூண்டில், வண்டி, தோணி

அவுஸ்திரேலியாவில், டார்வினிலும் கெயின்ஸிலும் பாரமுண்டிக்குத் தூண்டில் போட்டுப் பழகிய நம்மவர்கள் ஊருக்குப் புறப்படும்போது கேட்கும் முதல் கேள்வி, மலையக நீர்த்தேக்கமான காசல்ரீயில் அந்த மீன் இருக்கிறதா என்பதுதான். இல்லை. மவுசாகலையிலும் இல்லை, கொத்மலையிலும் இல்லை. நாம் கொடுவா என்றும் சிங்களவர் மோதா என்றும் சொல்லும் மீன்தான் பாரமுண்டி. ஆனால் அது களப்பு மீன். குஞ்சாக இருக்கும்போது ஆற்றோடு மேலேறி நன்னீரில் வளர்ந்தாலும், முட்டையிட உப்புத் தண்ணீருக்கு இறங்கியே ஆக வேண்டும். களனியிலோ மகாவலியிலோ ஏறி வந்தாலும் அணைக்கட்டுகளைத் தாண்ட அதற்கு வழியில்லை. அணை இல்லையென்றே வைத்துக்கொள்வோம், குளிர் விடாது. 26 முதல் 30 பாகை வரை சூடான தண்ணீரில்தான் கொடுவா நன்றாக இரை எடுக்கும். 20ஐ நெருங்கினால் வாயை மூடிக்கொள்ளும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான்.

"டினாரூவில் இருக்கிறதே, அங்கேயும் மலை, தேயிலைதானே?" என்று குயின்ஸ்லாந்துக்காரர்கள் மடக்குவார்கள். டினாரூ ஏரி ஏறக்குறைய 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காசல்ரீ 1,000 மீட்டருக்கும் மேலே. அதைவிட முக்கியம், டினாரூ மீன் தானாக வந்ததல்ல. பண்ணையில் பொரித்த குஞ்சுகளை வருடந்தோறும் கொண்டுபோய் விடுகிறார்கள். குயின்ஸ்லாந்தின் மொண்டூரன் ஏரியில் அகப்பட்ட 44 கிலோவைத் தாண்டிய மீனும் அப்படி விட்ட மீன்தான். நம் மலை நீர்த்தேக்கங்களில் விடப்படுபவை கார்ப்பும் திலாப்பியாவும்.

ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். சொந்தபந்தம், கோயில், கல்யாணம் எல்லாம் மேலே. கொடுவாவுக்கு இரண்டு இரவு கீழே. தூண்டில் சாமானும் அதே கணக்கில் இரண்டு செட் வேண்டும்.

கொடுவாவுக்கு 6 அல்லது 6½ அடி பேய்ட்காஸ்டர் றொட் (றீல் மேல்பக்கம் உட்காரும் தூண்டில் கம்பு), 6–10 கிலோ தரம். ஒற்றைத் துண்டு றொட் வேண்டாம். விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஹட்டனில் இறங்கி ஆட்டோவில் ஏற்றினால் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வளைவில் எதிரே வரும் பஸ் அதை முறித்துவிட்டுப் போகும். மூன்று, நான்கு துண்டாகக் கழற்றும் பயண றொட் இப்போது நல்ல தரத்திலேயே கிடைக்கிறது. றீலில் 30 இறாத்தல் பின்னல் நூல், 150 மீட்டர் இருந்தால் தாராளம். அதன் நுனியில் 40 முதல் 60 இறாத்தல் லீடர் (உராய்வைத் தாங்கும் தடித்த நூல்) ஒரு மீட்டர் அளவு கட்ட வேண்டும். கொடுவாவுக்குக் கோரைப்பல் கிடையாது, ஆனால் வாயின் ஓரம் அரம்போலச் சொரசொரப்பு. மீன் தலையை உதறும் ஒவ்வொரு தடவையும் லீடர் தேய்கிறது. ஒரு மீன் ஏறியதும் நுனியிலிருந்து ஒரு சாண் தூரம் விரலால் தடவிப் பாருங்கள்; நெருடினால் வெட்டி மறுபடி முடிச்சுப் போடுங்கள். இதற்குச் சோம்பல்பட்டுத்தான் இரண்டாவது மீனைப் பலர் இழக்கிறார்கள்.

லூர், அதாவது போலி இரை, எட்டுப் போதும். 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், ஒன்றரை மீட்டருக்குள் முங்கும் மிதவை லூர் நான்கு; மென்ரப்பர் மீன் மூன்று; மேலே தெறித்துப் போகும் பொப்பர் ஒன்று. நிறத்துக்குப் பொன்னும், கறுப்பு முதுகும் வெள்ளி வயிறும் போதும். கடையில் வாங்கிய லூரில் வருகிற மும்முள்ளை நம்ப வேண்டாம். 70 சென்டிமீட்டர் மீன் ஒரு தடவை துள்ளி உதறினால் முள் நிமிர்ந்துவிடும், வளையம் பிளந்து நூல்போல இழுபட்டு நிற்கும். தடித்த 4எக்ஸ் முள்ளையும் கனத்த வளையத்தையும் வீட்டிலிருந்தே மாற்றிக் கொண்டுபோங்கள். லூர், கத்தி, இடுக்கி எல்லாம் பெரிய பெட்டிக்குள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறிபோகும். ஊர் டவுன் கடைகளில் தூண்டில் முள், தங்கூசி, ஈயம் வாங்கலாம். பின்னல் நூல், நல்ல லூர், பேய்ட்காஸ்டர் உதிரிப்பாகம் அங்கே கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

மலைக்கு 2–4 கிலோ சுழல் றொட், 2500 அளவு றீல், 6 இறாத்தல் தங்கூசி, 8ஆம் நம்பர் முள், சின்ன மிதப்பு. இரை மண்புழு அல்லது கோதுமை மா உருண்டை. மாவைக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு இறுக்கிப் பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மூங்கில் கம்போடு கரையில் நிற்கும் லயத்துப் பிள்ளைகளிடம் "எந்தப் பக்கம்டா தம்பி கடிக்குது?" என்று கேட்பது எந்த வழிகாட்டியையும்விட மேல்.

கரைக்குப் போகும் பாதை பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளே போகும். வாட்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். அணைக்கட்டையும் மின்சார சபைக் கட்டடங்களையும் ஒட்டி நிற்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றும்போது மவுசாகலையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். அதைப் பார்க்க இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது சேறு. மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கும். கித்துல்கலைப் பக்கம் ஆற்றில் நிற்பவர்களுக்கு வேறு ஆபத்து. மேலே மின்நிலையம் தண்ணீர் விட்டதும், வானத்தில் ஒரு துளி மழை இல்லாமலே ஆறு ஏறும். நிற்கும் கல்லில் ஒரு நீர்மட்டத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அது மறைந்தவுடன் கரையேறுங்கள். மஹ்சீர் என்ற ஆற்று மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. ஓடையில் ட்ரவுட் தெரிகிறது என்று அங்கே றொட்டை எடுக்கவே கூடாது.

இனிக் கீழே. எந்தக் கரை என்பதை மாதம்தான் முடிவு செய்யும். அவுஸ்திரேலியப் பள்ளி விடுமுறையில், அதாவது மார்கழியிலும் தையிலும் போகிறவர்கள் மட்டக்களப்பை நினைத்துக்கொண்டு போவார்கள். அது அங்கே அடைமழைக் காலம், களப்பு சேற்று வெள்ளமாகக் கிடக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரையே சரி: நீர்கொழும்புக் களப்பு, அல்லது மொறட்டுவைக்கும் பாணந்துறைக்கும் இடையிலான பொல்கொடை. பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் போக முடிந்தால் கிழக்கு. வெள்ளம் வடியும்போது வாய்க்காலும் ஓடையும் களப்பில் விழும் இடங்களில், கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் கொடுவா காத்து நிற்கும். டார்வின்காரர்களுக்கு இது புதிதல்ல, அங்கேயும் இதே மாதங்களில் இதே வேட்டைதான். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை மேற்கைக் கலக்கும். அப்போது கிழக்கில் வெயில் நன்றாக இருந்தாலும், முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் களப்பில் நீரோட்டம் செத்துவிடும். மட்டக்களப்பின் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே வண்டி பிடியுங்கள்.

வழி. ஹட்டனிலிருந்து மேற்கே ஏ7 பாதையில் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை. நீர்கொழும்புக்கு என்றால் கடுவெலையில் வெளிவட்ட அதிவேகப் பாதையில் ஏறிக் கொழும்பு நெரிசலைத் தவிர்க்கலாம். கிழக்கே ஏ5: நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி. பசறைக்கும் லுணுகலைக்கும் இடையே பாதை ஒடுங்கி வளைந்து போகும், மழை நாளில் மண் சரியும். மகாஓயாவைத் தாண்டி இரவில் ஓடவேண்டாம், யானை நடமாடும் பக்கம். காலை ஐந்து மணிக்கு நுவரெலியாவில் கிளம்பினால் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். 2025 நவம்பர் டித்வா புயல் மலையகப் பாதைகளையும் ரயில் தண்டவாளத்தையும் மோசமாகச் சேதப்படுத்தியது. ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் எதுவரை ஓடுகிறது என்பதை ஸ்டேஷனில் விசாரியுங்கள்.

வேன்காரர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுவார். அதில் டிரைவரின் தங்கலும் சாப்பாடும் சேருமா, வெறுமனே நிற்கும் நாளுக்கு என்ன கணக்கு, அதிவேகப் பாதைக் கட்டணம் யார் தலையில் என்பதை ஏறும் முன்பே பேசுங்கள். திரும்பும்போது பேசினால் மனஸ்தாபம்தான். ஊர்ப் பையனின் வேன் என்றால் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணே" என்ற வார்த்தைக்குத்தான் கடைசியில் அதிக விலை.

தோணி பிடிப்பதில்தான் பலருக்கும் கை சுடுகிறது. மேற்குக் கரையில் சுற்றுலாக்காரர்களுக்கென்றே படகு வைத்திருப்பவர்கள் போனில் காட்டும் படகு ஒன்று, விடியற்காலையில் வந்து நிற்கும் படகு இன்னொன்று. மேலே கூடாரம் போட்ட சவாரிப் படகில் நின்று றொட்டை வீச முடியாது. கூரையில் லூர் மாட்டும். கேட்க வேண்டியவை: கூரை கழற்றலாமா, நங்கூரம் இருக்கிறதா, தடி ஊன்றிச் சத்தமில்லாமல் நகர்த்துவாரா, எஞ்சின் எண்ணெய் வாடகையில் சேருமா, உயிர்காப்பு அங்கி எத்தனை. கொடுவா ஆழமில்லாத இடத்தில் நிற்கும். எஞ்சினோடு கண்டலுக்குள் நுழைந்தால் அன்றைய வேலை முடிந்தது. மட்டக்களப்பில் மீனவரின் தோணியையே பேசிக்கொள்வது நல்லது. தமிழிலேயே பேசலாம், களப்பின் குணமும் அவருக்குத் தெரியும். அவர் வலை இழுக்கும் நேரத்தை விட்டு உங்களோடு வருகிறார்; அந்தப் பிடிப்பின் பெறுமதியையும் சேர்த்துத்தான் கூலி கேட்பார், அது நியாயம். பிடிக்கிற மீன் யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள். பெரிய மீனை நீங்கள் விடப்போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் 90 சென்டிமீட்டர் மீனைத் தண்ணீரில் விட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏன் விட வேண்டும்? கொடுவா ஆணாகப் பிறந்து சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். 80, 90 சென்டிமீட்டரைத் தாண்டியவை அநேகமாகப் பெண். குயின்ஸ்லாந்துச் சட்டம் 58க்குக் கீழும் 120க்கு மேலும் எடுக்கக் கூடாது என்கிறது. அந்த அளவை நாமாகவே ஊரிலும் வைத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை, களப்புக்கு நல்லது.

டார்வின் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள்: வற்றுப்பெருக்குக் கணக்கு. அங்கே கடல் ஏழெட்டு மீட்டர் ஏறி இறங்கும், மீனும் அந்த மணிக்கூட்டுக்கே இரை எடுக்கும். இலங்கையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அட்டவணையைப் பார்த்து நேரம் குறிப்பதைவிட, தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதே பயன்: முகத்துவாரம், பாலத் தூண், வாய்க்கால் வாய், கண்டல் வேரில் தண்ணீர் சுழித்துப் போகும் மூலை. நேரம் விடியலும் மாலை மங்கலும். இரவில் பாலத்து விளக்கின் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் ஓரம். வெளிச்சத்துக்கு இறாலும் மணலைக் குஞ்சும் கூடும். கொடுவா இருட்டுப் பக்கம் நின்றுகொண்டு வெளியே பாயும்.

லூரை நிழலுக்கு அப்பால் வீசி, இரண்டு தடவை சுண்டி நிறுத்துங்கள். மூன்று எண்ணும்வரை ஆட்டக் கூடாது. பத்துக்கு எட்டுக் கடி அந்த நிற்பில்தான். "டொப்" என்று வாயால் உறிஞ்சும் சத்தம் கேட்டதும் கை தானாகத் தூக்கும். தூக்காதீர்கள், நூல் இறுகிக் கனம் கையில் தெரிந்த பிறகு பக்கவாட்டில் இழுங்கள். டிராக் (றீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) மூன்று கிலோ அளவில் இருக்கட்டும். வேருக்குள் ஓடும் மீனை முதல் பாய்ச்சலிலேயே தடுக்காவிட்டால் பிறகு தடுக்க முடியாது. மீன் மேலே வந்து துள்ளும்போது றொட் முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். நூல் தளராமலும் வேண்டும், விறைக்காமலும் வேண்டும். ஏற்றியதும் செவுள் மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதன் விளிம்பு சவர அலகு. கீழ்த்தாடையில் இடுக்கியைப் போட்டு, மற்றக் கையால் வயிற்றைத் தாங்குங்கள். விடுகிற மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்தால், நீந்திப் போனாலும் பிழைப்பது சந்தேகம். கையைக் களப்பில் விட்டுக் கழுவும்போது சுற்றிலும் ஒரு பார்வை வேண்டும், முதலை உள்ள தண்ணீர்.

ஓர் இரவு வைத்து மலைக்குக் கொண்டுபோக வேண்டிய மீனைத் தோணியிலேயே செவுளும் குடலும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் போட்டு ரெஜிபோம் பெட்டியில் அடையுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். பெட்டியின் அடியில் சின்ன ஓட்டை போட்டு உருகும் தண்ணீரை வடியவிடுங்கள், ஊறிய மீன் சதை குழையும். ஒன்றும் அகப்படாவிட்டால் டவுன் மீன்கடையில் கொடுவா வாங்கலாம். திருகோணமலைக் கடலில் கூண்டு போட்டு வளர்க்கிறார்கள். ஏறக்குறைய ஒரே அளவில், வாலோரம் தேய்ந்திருந்தால் அநேகமாக அந்த மீன்தான்.

களப்பிலிருந்து திரும்பிய அன்றே றீலை நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். மலை ஈரத்தில் உப்பு காயாமல் உள்ளேயே அரிக்கும். அவுஸ்திரேலியா திரும்பும்போது வருகை அட்டையில், மண் ஒட்டிய அல்லது நன்னீரில் பாவித்த சாமான் உண்டா என்று கேட்டிருக்கும். ஆம் என்றே குறியுங்கள். சப்பாத்து அடியில் காசல்ரீச் சேறு இல்லாமல், லூர்ப் பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்தால் அதிகாரி பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அம்மா கட்டித் தந்த கருவாட்டையும் அதே அட்டையில் எழுத வேண்டும்.