மருந்தேற்றிய காலுறையும் கணக்குத் தெரியாத சலவையும்

நியூயார்க்கின் ஹாரிமன் மாநிலப் பூங்காவில் என்னோடு ஓடும் நண்பர், உண்ணிக் கடியைத் தடுக்க பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றிய நீளக் காலுறையின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று கேட்டார். சில கோடைகளாக அதை அணிந்து ஓடுகிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காலுறை வேலை செய்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. உண்ணி குதிப்பதில்லை; புல் நுனியிலோ சருகின் மேலோ முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்லும் காலைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்றைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவே இருக்கும். பாதையின் இருபுறமும் புல் மண்டி, கால் வைக்க இடமில்லாமல் போகும் மே முதல் ஜூலை வரையான மாதங்களில்தான் அதன் நடமாட்டமும் மிகுதி. வெளிர்நிறக் காலுறையில் அப்படி ஒன்று ஏறத் தொடங்கி, தடுமாறி, பிடி நழுவி உதிர்ந்ததைக் கண்டபோது எனக்கு உண்டான நிம்மதி பெரிது. தோலில் பூசும் டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி உண்ணியை விரட்டும். துணியில் ஏறிய பெர்மெத்ரின் அதைக் கொல்லும்.

ஆனால் 70 சலவை வரை தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு, அந்தக் கணக்கை வாங்குபவர் தலையில் கட்டியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் துவைக்க வேண்டிய பொருள் இது. ஒரே நிறத்தில் இரண்டு மூன்று இணைகள் இருந்தால், எது எத்தனை முறை துவைக்கப்பட்டது என்று யாரால் நினைவில் வைத்திருக்க முடியும்? மருந்து தீர்ந்த காலுறையும் புதியதும் பார்வைக்கு ஒன்றுதான். விளிம்பில் தேதி குறிக்க ஓர் இடமாவது விட்டிருக்கலாம். நோய் தொற்றப் பெரும்பாலும் உண்ணி 24 மணி நேரத்துக்கு மேல் கடித்திருக்க வேண்டும் என்பதால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பதையும், உடையைச் சூடான டிரையரில் பத்து நிமிடம் போடுவதையும் நான் ஒருபோதும் விடுவதில்லை.

ஆகவே, விலை இறங்கியிருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே நண்பருக்கு என் பதில். சாதாரண நீளக் காலுறையிலும் காலணியிலும் 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் தெளிப்பானை வீட்டுக்கு வெளியே அடித்து, முழுக்க உலரவிட்டு அணியலாம். அதன் வீரியம் ஆறு வாரம் அல்லது ஆறு சலவை வரை நிற்கும்; அது எவரும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளக்கூடிய கணக்கு. வீட்டில் பூனை இருப்பவர்கள் மட்டும் ஆலையில் மருந்தேற்றியதையே வாங்குங்கள். ஈரமான பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே ஆபத்தானது.