நுவரெலியாக் குளிரில் ஈரமகற்றும் இயந்திரம்: நீண்டகாலப் பயன்பாட்டின் பின்

மலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடு எங்களுடையது. பின்சுவர் மண்ணோடு ஒட்டிய கீழறையில்தான் புத்தகங்களும் கம்பளிகளும் இருக்கின்றன. பூஞ்சணத்துக்குப் பயந்து கம்ப்ரசர் வகை ஈரமகற்றும் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். பகலில் வெயில் ஏறும் நாட்களில் நன்றாகவே உழைத்தது. குளிர் இறங்கியதும் விசிறி சுற்றும், விளக்கு எரியும், தொட்டியில் மட்டும் நீர் சேராது.

பார்க்க வந்த திருத்துநர் உடனே, “காஸ் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றும் காஸ், கசிவில்லாமல் குறையாது. வடிகட்டியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிடிக்கும் குழாய்ச் சுருள் முழுவதும் ஒரே சீராக உறைபனி படிந்திருந்தது. காஸ் குறைந்தால் பெரும்பாலும் சுருளின் ஒரு பகுதியில்தான் பனி கட்டும். எங்கும் சீராகக் கட்டியிருந்தால், அடைபட்ட காற்றோட்டத்தையோ அறையின் குளிரையோதான் முதலில் பார்க்க வேண்டும். வடிகட்டி சுத்தமாக இருந்தது. சுவரிலிருந்து போதிய இடைவெளியும் இருந்தது. மிஞ்சியது குளிர்.

அறைக் காற்றைவிடச் சுருள் நன்கு குளிர்ந்தால்தான் ஈரம் அதில் நீராகப் படியும். அறை 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சுருள் பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும், ஈரம் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை உருக்க இயந்திரம் கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட்டும். அறைக் காற்றே குளிராக இருந்தால் அதுவும் எளிதில் உருகாது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய விடயம். பெட்டியில் அச்சிட்ட ‘நாளுக்கு இத்தனை லீற்றர்’ என்ற கணக்கு பெரும்பாலும் 30 பாகை வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் எடுத்தது. 30 பாகைக் காற்று கனமீற்றருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக் காற்று தாங்குவதோ 9 கிராமைவிடச் சற்றே கூட, அதனால் குளிரில் தொட்டியில் சேரும் நீரும் குறைவுதான். கொழும்புக் கடையில் அந்த எண்ணை நம்பி வாங்கும் மலையகத்தவர் ஏமாந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது அந்தப் பழைய இயந்திரத்தைப் பகலில் மட்டும் ஓட்டுகிறோம். குளிர்ந்த மாதங்களுக்கு, ஈரமுறிஞ்சும் சக்கரம் கொண்ட வகையை வாங்கினோம். அதில் கம்ப்ரசர் இல்லை, பனி கட்டுவதில்லை, அறையும் சற்று வெதுவெதுப்பாகிறது. மின்கட்டணம் கூடியது உண்மை. ஆனாலும் ஈரப்பதமானி 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறது, கம்பளிகளில் பூஞ்சண வாடை இல்லை. நம் குளிருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

சுவரிலேயே நீர் கசிந்தால் எந்த இயந்திரமும் ஈடுகொடுக்காது. முதலில் வீட்டுக்குப் பின்னால் கானைத் துப்புரவாக்குங்கள்.