சிறுத்தைகளின் பெயர்ப்பதிவேடு: டிஜிகேம் மென்பொருளுடன் மூன்று ஆண்டுகள்

களக்காடு முண்டந்துறை மலையடிவாரத்தில் சிறுத்தைகளை ஆராயும் குழுவில், தானியங்கிக் கேமராப் படங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் எல்லாவற்றையும் வைத்திருந்தோம். மடிக்கணினி பழுதான அன்று படங்கள் மிஞ்சின. எது எந்தச் சிறுத்தை என்ற குறிப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றிலிருந்து படங்களை அடுக்கிவைக்க டிஜிகேம் (digiKam) மென்பொருள்தான். இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது.

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க ஒரு காரணம் போதும்: நாம் இடும் குறிச்சொல்லைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. கோப்பு எந்தக் கணினிக்குப் போனாலும் பெயரும் கூடவே போகிறது. அமைப்புகளில் அந்தத் தெரிவு இயங்குகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். குறிச்சொற்களைத் தமிழிலேயே கிளை கிளையாக இடலாம்: சிறுத்தை, அதன் கீழ் எண், அதன் கீழ் இடப்பக்கம், வலப்பக்கம். சிறுத்தையை அதன் உடற்புள்ளிகளை வைத்தே அடையாளம் காண்கிறோம்; இரு பக்கத்துப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் இந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும்.

தமிழில் இருப்பதால், எங்களோடு காட்டுக்கு வரும் அண்ணாச்சியும் மாலையில் அம்பாசமுத்திரம் அறையில் கூட உட்கார்ந்து பார்க்கிறார். இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றதும் சேர்ந்து பெரிதாகிறது. ஒருநாள் 7ஆம் எண் என்று நான் முடிவுகட்டியபோது, "தொடையைப் பாருங்கள் சார்" என்றார். ஏழுக்குப் பின்தொடையில் மூன்று வட்டங்கள் சங்கிலிபோல் ஒட்டியிருக்கும். இதிலோ நடுவட்டம் பிளந்து குதிரை லாடம்போல் கிடந்தது. வேறு சிறுத்தை!

பேட்டரி மாற்றியபோது ஒரு கேமராவின் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விட்டது. அந்தக் கார்டின் 1,140 படங்களுக்கும் நேரத்தை ஒரே முறையில் திருத்த முடிந்தது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் மக்கள் விழுந்த படங்களையும் தனியே குறித்து அழித்துவிடுகிறேன். அவர்கள் முகம் எங்கள் ஆய்வுக்குரியது அன்று. படங்களை வெளியே அனுப்புமுன் இருப்பிடத் தகவலையும் இதிலேயே நீக்கலாம். தயவுசெய்து நீக்குங்கள், வேட்டைக்காரனுக்கு அது வழிகாட்டிவிடும்.

குறையும் உண்டு. முகமறியும் வசதி மனிதருக்கானது. புள்ளிகளை அது தானாக ஒப்பிடாது. அதற்கு ஹாட்ஸ்பாட்டர் போன்ற வேறு மென்பொருள் வேண்டும், அது தரும் பட்டியலையும் கண்ணால் சரிபார்த்தாக வேண்டும். பழைய கணினியில் பல்லாயிரம் படங்களை முதன்முறை ஏற்றும்போது பொறுமை தேவை.

சென்ற கார்த்திகையில், எதிரெதிரே வைத்த இரண்டு கேமராக்களும் ஒரே நொடியில் ஒரு பெண் சிறுத்தையைப் பிடித்தன. அதுவரை வலப்பக்கம் மட்டும் தெரிந்த 4ஆம் எண்ணும், இடப்பக்கம் மட்டும் தெரிந்த 11ஆம் எண்ணும் ஒரே விலங்கு என்று அன்றுதான் தெரிந்தது. பதினொன்றின் 23 படங்களையும் மொத்தமாகத் தேர்ந்து நான்கின் கீழ் மாற்றினேன். இரண்டு நிமிட வேலை.