அம்மம்மாவின் கதையைப் படமாக்க: கைபேசியா, வீடியோக்காரரா?

கொழும்பின் வெள்ளவத்தையில் தங்கள் வாழ்க்கையைக் குறும்படமாக்க ஆசைப்படும் வயதானவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வருகிறது.

செலவு: கைபேசி கையிலேயே இருக்கிறது, சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கினால் போதும். வீடியோக்காரருக்கு நாள் கூலி.

சத்தம்: கரையோர ரயில் போனால் கைபேசியில் பேச்சு அமுங்கிவிடும். வீடியோக்காரர் ஹெட்போனில் கேட்டு, மறுபடி சொல்லச் சொல்வார்.

மனம் திறப்பது: இதில் கைபேசிதான். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வீட்டை விட்டு ஓடியதை என் அம்மம்மா லைட்டுகளுக்கு முன்னால் சொல்லவே இல்லை. குசினியில் வெங்காயம் உரித்தபடி, மாவு டின்னில் சாய்த்து வைத்த கைபேசியைப் பார்த்துச் சொன்னா. சாவிக்கொத்தை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போனவவாம்.

பழைய வீட்டையும் தெருவையும் அழகாகக் காட்ட வீடியோக்காரர் நல்லம். நினைவைப் பேச கைபேசி. கைபேசியை அகலவாட்டில் பிடித்து எடுங்கள், அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.