ஆற்றோர விடுதிக்குப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

கடலுக்குப் பக்கத்தில் ஆறு, ஆற்றை ஒட்டி விடுதி, காலையிலிருந்து இரவு வரை வரிசையாகப் பொழுதுபோக்கு என்று ஒரு பேக்கேஜ் கண்ணில் பட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பாணியில் பிழைப்பு நடத்தும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

எங்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சி நிரல் இது: காலை 9 மணிக்குப் பறவை பார்த்தல், மதியம் 3 மணிக்கு கயாக் (துடுப்பால் நாமே ஓட்டும் சிறு படகு), அது முடிந்ததும் ஆற்றுக்குளியல், இரவில் 'ஒளிரும் நீர்' படகுச் சவாரி. முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். பௌர்ணமி ஸ்பெஷல் என்று கூடுதலாக ஒரு தொகை வேறு.

காலையில் போனால் ஆறு கரைவரை தளும்பிக்கொண்டிருந்தது. படம் எடுக்க அருமையான இடம்தான், பறவைகளைத்தான் காணோம். எதிர்க்கரைக் கம்பத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி அதையே நான்கு கோணத்தில் காட்டினார்.

மதியம் 3 மணிக்குத் திரும்பி வந்தால், காலையில் பார்த்த ஆற்றையே காணவில்லை. நடுவில் ஓடைபோல் ஒரு நீர்க்கோடு, இரண்டு பக்கமும் பளபளவென்று சேறு. கயாக்குகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. நாங்கள் பறவையைத் தேடிப்போன அதே கரையில் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி, அலகைச் சேற்றில் குத்திக் குத்திப் புழு எடுத்துக்கொண்டிருந்தன. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இது தினமும் நடப்பதுதான். தண்ணீர் வற்றினால் சேற்றில் இரை கிடைக்கும், பறவை வரும். ஏற்றத்தில் சேறு மூழ்கிவிடும், அவை வேறு மேட்டுக்குப் போய் ஓய்வெடுக்கும். அதாவது காலையில் கயாக்கும் மதியம் பறவையும் என்று மாற்றிப் போட்டிருந்தாலே எல்லாரும் சந்தோஷமாக வீடு திரும்பியிருப்போம். ஆனால் நிரல் போட்டவர்கள் பார்த்தது ஆற்றை அல்ல, வேலையாட்களின் ஷிப்ட் நேரத்தை.

கேட்டதற்கு மேலாளர் சொன்னார்: "இயற்கை சார், நாங்க என்ன பண்ண முடியும்?"

இந்த பதில்தான் எனக்குக் கோபம். மழை, காற்று என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம். கடல் ஏற்றமும் வற்றமும் அப்படியல்ல. பெரும்பாலான கடற்கரைகளில் ஏறக்குறைய 24 மணி 50 நிமிடத்துக்குள் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். இதைக் கணக்கிட இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1870-களிலேயே எந்திரம் செய்துவிட்டார். இன்று துறைமுகங்களுக்கு வருஷம் முழுவதற்கும் அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. இன்னொன்றும் உண்டு: ஒரே இடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வற்றம் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வரும். ஆக, பௌர்ணமி ஸ்பெஷல் விற்கிற விடுதிக்கு அன்று 3 மணிக்குச் சேறுதான் இருக்கும் என்று தெரியாமல் இருக்க வழியில்லை.

குளியல் கதை கொஞ்சம் ஆபத்தானது. தண்ணீர் வற்றும்போது ஆற்றின் சொந்த ஓட்டத்தோடு கடலை நோக்கி இழுக்கும் வேகமும் சேர்ந்துகொள்ளும். நீச்சல் தெரிந்தவரையும் முகத்துவாரம் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே அலையும் ஓட்டமும் முட்டிக்கொள்கிற மணல்திட்டு வேறு. எங்களை இறக்கிவிட முயன்றது அந்த நேரத்தில்தான். படித்துறையின் கீழ்ப்படிகளில் பாசி, அதற்கும் கீழே கல்லோடு ஒட்டிய சிப்பி. எங்களோடு வந்த ஒருவருக்கு உள்ளங்கால் கிழிந்தது. முதலுதவிப் பெட்டியில் இருந்தது ஒரு காலி டெட்டால் பாட்டில்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்ததில் ஒரு கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாகச் சணல் கட்டியிருந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நல்ல ஜாக்கெட் என்றால் அழுத்தியதும் எழும்ப வேண்டும். எல்லாக் கொக்கிகளையும் மாட்டியபின் இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது முகவாயைத் தாண்டிக் காதுவரை ஏறினால் உங்களுக்கு அளவு பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைகளுக்கு பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள்.

இரவுச் சவாரிக்கு வருவோம். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், துடுப்பு பட்டுத் தண்ணீர் கலங்கும்போது நீலமாக மின்னும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அது எல்லா நாளும் இருக்காது. இருந்தாலும் கும்மிருட்டு வேண்டும், அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் தோது. இவர்கள் அதைப் பௌர்ணமியன்று, பட்டப்பகல் மாதிரி நிலா அடிக்கும்போது விற்றார்கள். போதாததற்கு படகைச் சுற்றிக் கலர் கலராக சீரியல் பல்பு. "எங்கண்ணே ஒளிருது?" என்று ஒரு பையன் கேட்டான். படகோட்டி பாவம், டார்ச் அடித்து, தண்ணீரில் அந்த வெளிச்சம் அலைந்ததைக் காட்டினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் கரையில் பேசும்போது வற்ற நேரத்தை மணிக்கணக்காக ஒப்பித்ததே அவர்தான். ஆபீஸில் யாரும் தன்னிடம் கேட்பதில்லை என்றார்.

ஆகவே முன்பதிவுக்கு முன் அந்தத் தேதிக்கான ஏற்ற வற்ற நேரத்தை நீங்களே பார்த்துவிடுங்கள், இணையத்தில் கிடைக்கும். விடுதி முகத்துவாரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தால் ஏற்றம் அங்கே சற்றுத் தாமதமாக வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு போனில், "கயாக் எத்தனை மணிக்கு, அப்போது தண்ணீர் ஏறுமா, வற்றுமா?" என்று மட்டும் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடலாம். விளம்பரப் படத்தில் தண்ணீர் கரை தொட்டு நிற்பதை நம்ப வேண்டாம். சேறு தெரியும்போது எடுத்த படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். 'இயற்கைச் சூழலுக்கு உட்பட்டது' என்ற வரி நிபந்தனைகளில் இருந்தால், ஏற்ற வற்றம் அதில் சேராது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பணம் இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த முறைக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். அது செல்லுபடியாகும் நாள், வருகிற பௌர்ணமி.