தை மாதத்து முன்பணம்: தனியார் பல்கலைக்கழக முன்பதிவுச் சேர்க்கை எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கியில் பணம் ஏறுவது தை, மாசியில். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, "சீட் கொஞ்சம்தான் சார் இருக்கு, இப்பவே புக் பண்ணா ஸ்காலர்ஷிப் உண்டு" என்று போன் வருவதும் அதே மாதங்களில்தான். பொதுத்தேர்வே எழுதவில்லை, மதிப்பெண் தெரியாது, மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. முன்பணம் கட்டினால் அதற்குள் சீட் உறுதி. இந்தச் சேவைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு குறிப்பிட்ட கல்லூரியைப் பற்றிய விமர்சனம் இல்லை இது. டெல்டாவில் ஆள் பிடிக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (டீம்டு யுனிவர்சிட்டி), சுயநிதிக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் முன்பதிவின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வேலை வேகமாக நடக்கிறது. கல்லூரியே வைக்கும் நுழைவுத் தேர்வு எழுதிய சில நாளில் எந்தப் பிரிவு, எவ்வளவு கட்டணத் தள்ளுபடி என்று கையில் தாள் வந்துவிடும். கட்-ஆஃப் சுமாராக வரும், ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேண்டும், கல்லூரியும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிற வீட்டுக்கு இது நிஜமாகவே உதவும்.

இனி கணக்கு. கலந்தாய்வில் வரும் சுயநிதிக் கல்லூரி இடத்துக்குக் கட்டணக் குழு 2017-இல் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. கல்லூரி தானே நிரப்பும் மேலாண்மை ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்த வரம்பு எதுவும் கிடையாது. செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, ராஜாமடத்திலும் திருக்குவளையிலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் செலவு இன்னும் குறைவு. மூன்றுமே கலந்தாய்வில் வருபவை.

தள்ளுபடியைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மனம் மாறுவது அங்கேதான். டியூஷன் ஃபீஸ் 2 லட்சம், தள்ளுபடி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம், நான்கு வருடத்துக்கு 6 லட்சம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். ஆனால் தள்ளுபடி டியூஷனுக்கு மட்டும்தான். ஹாஸ்டல், மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம், 'ஸ்பெஷல் ஃபீஸ்' எல்லாம் முழுத்தொகை. அடுத்த வருடமும் அதே தள்ளுபடி தொடர வேண்டுமென்றால் அரியர் (தேறாத பாடம்) இருக்கக் கூடாது, சிஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) இத்தனைக்குக் கீழே போகக் கூடாது என்று சின்ன எழுத்தில் நிபந்தனை இருக்கும். முதல் செமஸ்டர் கணிதத்தில் ஓர் அரியர் விழுந்தால், மேலே சொன்ன கணக்கில் மிச்ச மூன்று வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கூடுதல். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் கஷ்டமான செமஸ்டர் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 'கட்டணம் மாறுதலுக்கு உட்பட்டது' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 6 லட்சம் என்ற எண்ணுக்கே அர்த்தம் இல்லை.

அடுத்து, முன்பதிவு செய்தால் எது கையை விட்டுப் போகிறது என்பது. இதைப் போனில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் டியூஷன், ஹாஸ்டல் இரண்டையும் அரசே கட்டுகிறது. அது கலந்தாய்வு வழியாக மட்டும். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அப்படித்தான். அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வைத்தால் நல்லது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்துக்குக் கிடையாது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலும், தையில் முன்பணம் கட்டுவதற்கு எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் இப்படி முன்கூட்டியே இடம் உறுதி செய்யும் முறை உண்டு, 'எர்லி டிசிஷன்' என்று பெயர். நவம்பரில் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்து, கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று ஒப்புக்கொள்வது. கல்லூரி தரும் நிதியுதவி குடும்பத்துக்குப் போதாவிட்டால் அதிலிருந்து விலக வழி உண்டு. இங்கே எழுத்துப்பூர்வமான கட்டாயமே கிடையாது, ஆனால் கட்டிய பணம்தான் கட்டிப்போடுகிறது.

அந்தப் பணம் எப்போது திரும்பும்? பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரில் வெளியிட்ட விதிப்படி, கல்லூரி அறிவித்த சேர்க்கை கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுப்பணமும் திரும்ப வேண்டும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன்பின் ஒன்றுமில்லை. 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி தனியாகச் சலுகை கொடுத்தது: செப்டம்பர் 30 வரை முழுப்பணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம். நீங்கள் சேரும் ஆண்டுக்கு அப்படி அறிவிப்பு உண்டா என்று யுஜிசி தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் எல்லாமே அந்தக் 'கடைசித் தேதி'யைப் பொறுத்தது. அதை மே மாதத்திலேயே வைத்துக்கொள்ளும் கல்லூரியில், ஜூலையில் விலகுகிறவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. ப்ராஸ்பெக்டஸில் முதலில் தேட வேண்டியது கட்டடப் படங்களை அல்ல, இந்தத் தேதியை.

விதி சாதகமாக இருந்தாலும் ஒரு நெருக்கடி உண்டு. 2025-இல் கலந்தாய்வுப் பதிவு மே 7-இல் தொடங்கியது. பொதுப் பிரிவுக்கு முதல் சுற்று ஜூலை நடுவில். இடம் ஒதுக்கிச் சில நாளில் பணம் கட்டிச் சேர வேண்டும். தனியாரில் போட்ட முன்பணம் அதற்குள் திரும்பி வராது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்திருந்தால் குறுவைக்கு உழவு, நடவு, உரம் என்று கையிலிருந்ததும் போயிருக்கும். இரண்டாவது கட்டணத்துக்கு நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பது, அல்லது "கட்டியது கட்டியாச்சு" என்று தனியாரிலேயே சேர்த்துவிடுவது, இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பிள்ளைக்கு நல்ல ரேங்க் வந்தும் கலந்தாய்வைக் கைவிடும் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகின்றன. ஆகவே முன்பதிவு செய்வதானால், கலந்தாய்வு இடத்துக்கான ஒரு வருடக் கட்டணத்தைத் தனியே ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

கல்விக் கடனை நம்பி முன்பணம் கட்டுபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்துக்கு வங்கி கணக்கில் எடுப்பது அரசு நிர்ணயித்த கட்டணத்தைத்தான். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் பாடு. ரசீது தராத 'டொனேஷனுக்கு' எந்த வங்கியும் கடன் தராது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். நிலப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகளில் அது அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்து, கட்டலாம் என்றே முடிவானால்: பணம் தாய் அல்லது தகப்பன் கணக்கிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகட்டும், இடையில் ஏஜென்ட் கை வேண்டாம். ரசீதில் விண்ணப்பக் கட்டணம், டியூஷன், காஷன் டெபாசிட் (திரும்பத் தரும் வைப்புத்தொகை) தனித்தனியாக இருக்க வேண்டும். 'அட்மிஷன் ஃபீஸ்' என்று மொத்தமாக ஒரே வரி போட்டால் திரும்பப் பெறும்போது தகராறு வரும். அசல் டி.சி., மதிப்பெண் பட்டியலைக் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும், அசலை வைத்துக்கொள்ள யுஜிசி விதியில் இடமில்லை. மீதிக் கட்டணத்தை ஐப்பசியிலும் மாசியிலும் இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். நெல் பணம் வருவது அப்போதுதான். கொடுத்தால் அதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் தாமத அபராதம் ஏறும்.

விலகும் கடிதத்தை மின்னஞ்சலில் ஒன்று, நேரில் ஒன்று கொடுத்து, நேரில் கொடுத்ததன் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன நாள் எது என்பதில்தான் 100-க்கும் 80-க்கும் இடையிலான வித்தியாசம். பணம் வரவில்லை என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம். அந்தச் சீல் வைத்த நகலையும் ரசீதையும் அதோடு இணையுங்கள்.