எல்டாப் பரிசோதனை: எல்டாப்சேர்ச்சா, பைத்தனா?

கொழும்பு அலுவலகம் ஒன்றின் ஊழியர் டயரக்டரியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர்கள் இருக்கலாம். எல்டாப் சேர்வரை எந்த ஸ்கிரிப்டால் சோதிப்பது என்பதை அந்தப் பெயர்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

எல்டாப் என்பது மரக்கிளைகளாக அடுக்கிய பதிவுகளைத் தேடவும் திருத்தவும் உதவும் நெறிமுறை. வழக்கமான போர்ட் 389. தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) என்றால் 636. முதலில் பைண்ட், அதாவது யார் என்று நிரூபிப்பது, பிறகு தேடல்.

பைண்ட் ஆகிறதா என்று பார்க்க ஓப்பன்எல்டாப் என்ற திறமூல மென்பொருளோடு வரும் கட்டளையான எல்டாப்சேர்ச்சை மிஞ்ச ஒன்றுமில்லை. ஷெல்லில் ஒரே வரி போதும். வெளியேறும் குறியீடு 49 என்றால் பயனரோ கடவுச்சொல்லோ பிழை. 32 என்றால் தேடலின் வேர்முகவரி அங்கே இல்லை. ஆனால் எவரும் அகப்படாத தேடலும் 0 என்றுதான் முடியும். ஆகவே வந்த பதிவுகளை எண்ணாத ஸ்கிரிப்டை நம்பக் கூடாது. சாதாரண இணைப்பைப் பிறகு டிஎல்எஸ்ஸுக்கு மாற்றும் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸுக்கு மைனஸ் பெரிய இசட்டை இரண்டு தடவை கொடுங்கள்; ஒன்று மட்டும் கொடுத்தால், டிஎல்எஸ் தோற்றாலும் வேலை மறைகுறியாக்கம் இன்றித் தொடரும்.

எல்டாப்சேர்ச் தடுமாறுவது தமிழ்ப் பெயர்களில். ஆங்கிலம் அல்லாத மதிப்பை இரட்டை முக்காற்புள்ளி போட்டு பேஸ்64 ஆக, அதாவது ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியாக்கமாக, அச்சிடும். நீண்ட வரியை உடைத்தும் விடும். 'குமார்' என்று கிரெப் (உரையில் சொல் தேடும் கட்டளை) செய்தால் எதுவும் கிடைக்காது. வரிமடிப்பை நிறுத்தி, பேஸ்64ஐப் பிரித்த பின்புதான் ஒப்பிட முடியும்.

பைத்தனின் எல்டாப்3 என்ற நூலகம் அதே பெயரை யூனிகோடாகவே கையில் தரும். சி நிரல் எதையும் தொகுக்க வேண்டியதில்லை. இன்னொரு நூலகமான பைத்தன்-எல்டாப் என்றால் மூலத்திலிருந்து நிறுவ ஹெடர் கோப்புகள் தேவை, மதிப்புகளும் பைட்டுகளாக வரும். பெயர்களைச் சரிபார்க்க எங்கள் தெரிவு எல்டாப்3தான். ஆனால் அதன் இயல்பு அமைப்பில் இரண்டு ஆபத்துகள்: தோற்ற பைண்ட் பிழை எழுப்பாமல் 'பொய்' என்று மட்டும் திருப்பும், டிஎல்எஸ் சான்றிதழும் சரிபார்க்கப்படாது, காலாவதியான சான்றிதழும் தேர்ச்சி பெற்றுவிடும். இரண்டையும் நீங்களே இறுக்கிவிடுங்கள்.

எதைத் தெரிவு செய்தாலும் பக்கம்பக்கமாகவே தேடுங்கள். ஒரு தேடலில் வரும் பதிவுகளுக்கு ஓப்பன்எல்டாப்பின் இயல்பு வரம்பு 500 (பக்கமிட்டாலும் மொத்தத்துக்கு இதுவே), மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டயரக்டரியில் 1000. மீறினால் குறியீடு 4. வெறுமையான கடவுச்சொல்லுடன் ஒரு பைண்டும் கட்டாயம் சேருங்கள்: சில சேர்வர்கள் அதை அநாமதேய அணுகலாகக் கருதி வெற்றி என்று பதிலளிக்கும். லாகின் பக்கம் அந்தப் பதிலை நம்பினால், பயனர் பெயர் மட்டும் தெரிந்த எவரும் உள்ளே வரலாம்.